களி நின்ற இடம்

களியை மெல்லக் கூடாது. கொல்லிமலை வாசலூர்பட்டியில் படகு விடுகிற ஏரிக்கு வருகிற எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஏரிக்குப் போகிற ரோட்டோரம் எங்கள் சாப்பாட்டுக் கடை. மேலே தகரம், கீழே நாலு பெஞ்சு, அடுப்படியில் நான். என் வீட்டுக்காரர் காட்டில் மிளகும் மரவள்ளியும் பார்த்துக்கொள்வார், கடைக்கு விறகு பிளந்து போடுவார், கீழே பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவார். கடையில் வாய் பேசுவது நான் மட்டும்தான். அதற்கு ஒருத்தி போதும் என்று அவர் விட்டுவிட்டார்.

கீழேயிருந்து காரில் வருகிறவர்கள் கேழ்வரகுக் களியைப் பார்த்ததும் முதலில் போட்டோ எடுப்பார்கள். பிறகு ஸ்பூனால் வெட்டி வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பார்கள். பல்லில் ஒட்டுகிறது என்று மூஞ்சியைச் சுளிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “ஏனுங்க, கிள்ளி எடுத்துக் கொழம்புல பொரட்டி அப்படியே முழுங்கோணுமுங்க. பல்லுக்கு அங்க வேலையே இல்லீங்க” என்று நானே ஒரு வாய் விழுங்கிக் காட்டுவேன். சிரித்துக்கொண்டே அவர்களும் பழகிக்கொள்வார்கள்.

அப்படிச் சேலத்துக் குடும்பம் ஒன்றுக்கு விழுங்கிக் காட்டும்போதுதான் அது நடந்தது. உருண்டை தொண்டையைத் தாண்டி இறங்கியது, நடு நெஞ்சுக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. ஆனாலும் கடைக்காரி ஆயிற்றே, சிரித்த மூஞ்சியை மாற்றாமல் நின்றேன். அந்த வீட்டு அம்மா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, பேசாமல் ஸ்பூனை எடுத்துக்கொண்டார். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் அது நகர்ந்தது.

எங்கள் பக்கம் தொண்டையில் மீன்முள் குத்தினால், பெரிய களி உருண்டை ஒன்றை விழுங்கச் சொல்வார்கள். அது போகிற போக்கில் முள்ளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். எனக்கு நெஞ்சில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நான் முடிவு கட்டிவிட்டதால், இந்த வைத்தியத்தையே செய்தேன். சின்ன உருண்டை நின்றால் அதன் தலைமேல் பெரிய உருண்டை. பெரியதும் நின்றால் அதைவிடப் பெரியது. பிதுங்கிப் பிதுங்கி எல்லாம் சேர்ந்து இறங்கும்போது உயிர் போய் உயிர் வரும். இறங்கியதும், பார்த்தாயா சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மாதக்கணக்கில் இந்தக் கூத்து நடந்தது. பின்னால் இதைக் கேட்ட டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. கடை ஓய்ந்த பிறகு பின்பக்கம் போய்க் கூழைக் கரைத்துக் குடிப்பேன். ஆனால் ஒரே வீட்டில் இருக்கிறவரிடம் எத்தனை நாளைக்கு ஒளிக்க முடியும்? ஒருநாள் விறகுக் கட்டோடு வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். “ஏம்புள்ள, ஊருக்கெல்லாம் களி, உனக்கு மட்டும் கூழா?” என்றார். சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, “தொக்கமாத்தான் இருக்கும். எடுத்துப்போடலாம் வா” என்றார்.

தின்றது எதுவோ குடலிலோ நெஞ்சிலோ ஒட்டிக்கொண்டு இறங்காமல் இருப்பதற்குத்தான் தொக்கம் என்று பெயர். அதை வாயால் உறிஞ்சி எடுப்பதற்கென்றே ஊருக்கு ஊர் ஆள் உண்டு. பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போன அன்றைக்கே அங்கே ஒரு சந்தில் தொக்கம் எடுக்கிற அம்மாவிடம் கூட்டிப் போனார். அந்த அம்மா என் கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் விளக்கெண்ணெய் தடவி நீவினார். பிறகு சின்னக் குழாய் ஒன்றை என் தொண்டைக்குழியில் வைத்து உறிஞ்சினார். உறிஞ்சி, ஓர் இலையில் துப்பி, வெற்றியோடு நீட்டினார். “பாத்துக்க கண்ணு, இதுதான் உன்ற நெஞ்சுல இருந்தது.”

பார்த்தேன். வெந்த ஆட்டுக்கறி. வேலையே சமையல் எனக்கு, கறியில் எந்தப் பாகம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். ஆனால் அது புரட்டாசி மாதம். எங்கள் வீட்டில் புரட்டாசிக்குக் கறி மீன் கிடையாது. கடையில் வருகிறவர்களுக்குக் கோழி வேகும், எங்கள் நாக்கில் படாது. திரும்பி பஸ்ஸில் ஏறியதும் இதை அவரிடம் கேட்டேன்.

“போன மாசத்துக் கறியா இருக்குமோ என்னமோ” என்றார்.

“ஒரு மாசமாக் கெடாமக் கெடக்க என்ற நெஞ்சு என்ன பிரிட்ஜுங்களா?”

“அப்ப ஆக்கறப்ப வாசம் புடிச்சது போயிருக்கும்.”

பக்கத்து சீட்டில் இருந்தவர் சிரித்ததும் நானும் சிரித்துவிட்டேன். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தோம். ராத்திரி சாமைச் சோறு நாலாவது வாயில் நின்றது. அப்போதுதான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயசு டாக்டரம்மா, என்னை அக்கா என்று கூப்பிட்டார். தொண்டையில் மருந்து அடித்து மரத்துப்போகச் செய்து, கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டார். நான் ஒருக்களித்துப் படுத்திருந்தேன், டிவி மாதிரி இருந்த திரை எனக்குத் தெரியவில்லை. அவர் மூஞ்சி மட்டும் தெரிந்தது. ஓர் இடத்தில் அவர் கை நின்றது. திரையையே பார்த்தார். பிறகு யாரையோ கூப்பிட, இன்னும் இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். மூன்று பேரும் பார்த்துப் பார்த்து ஏதோ இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். போட்டோ எடுத்தார்கள். அதில் ஒருவர் மட்டும் தமிழில், “சதை எடுக்கறீங்களா?” என்று கேட்டார். டாக்டரம்மா, “வேண்டாம், தொடவே வேண்டாம்” என்றார்.

அந்த இடத்தில் என் கதை முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் ஒருவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. அவருக்கு இதே மாதிரி குழாய் விட்டு, சின்னதாகச் சதை கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் கரண்டு வைத்தார்கள், கதிர் வைத்தியத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இன்றைக்கு அந்த ஆள் மிளகு விலைக்கு வியாபாரியோடு சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டார். ஆக, பிழைக்கிறவனுக்குச் சதை எடுக்கிறார்கள். எனக்குத் தொடவே வேண்டாம் என்கிறார்கள். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

நான் மயக்கமாக உட்கார்ந்திருந்தபோது டாக்டரம்மா வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ விவரமாகச் சொன்னார். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். வெளியே வந்ததும், “என்னுங்க சொன்னாங்க?” என்றேன். “ஒண்ணுமில்ல. கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரில ஒரு ஸ்கேன் பாக்கோணுமாம். சும்மாதான்” என்றார். அவர் பொய் சொன்னால் வலது காதைத் தடவுவார். தடவினார்.

ஸ்கேனுக்கு நாள் கிடைக்கச் சில வாரம் ஆனது. அந்த வாரங்களை நினைத்தால் இப்போது சிரிப்பாக வருகிறது, அப்போது வரவில்லை. நான் சாகப் போகிறேன் என்று எனக்குத் தெரியும், ஆனால் அவருக்காகத் தெரியாத மாதிரி இருந்தேன். அவரோ எனக்குத் தெரியக் கூடாது என்று சிரித்த முகமாகவே அலைந்தார். வருடக்கணக்காக நான் கேட்டும் வாங்கித் தராத மாவு கிரைண்டர் ஒருநாள் ஜீப்பில் வந்து இறங்கியது. அதைப் பிரிப்பதற்கு முன்பே நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். இந்த ஆள் கேட்காமல் கிரைண்டர் வாங்குகிறார் என்றால் டாக்டர் எத்தனை நாள் கெடு சொல்லியிருப்பார்?

அதற்கடுத்த வாரம் ஏரிக்குக் கூட்டிப் போனார். இத்தனை வருடம் ஏரிக்குப் பக்கத்திலேயே கடை போட்டிருந்தும் நாங்கள் படகில் ஏறியதில்லை. இருவரும் தண்ணீரில் மிதக்கவைக்கிற ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். படகுக்காரர் எங்களைத் தெரிந்தவர். “என்னக்கா, கடைய மூடிப்போட்டு ஜாலியா?” என்றார். “ஆமாங்க, ஜாலிதான்” என்றேன். ஏரி நடுவில் பனி இறங்கியிருந்தது. “நல்லாருக்குதா?” என்றார் வீட்டுக்காரர். “நல்லாருக்குதுங்க” என்றேன். அவரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போல இருந்தது. படகுக்காரர் இருக்கிறாரே என்று ஆரஞ்சுச் சட்டையின் வாரைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. நான் போய்விட்டால் இந்த ஆளுக்கு யார் சமைத்துப் போடுவது? கடை நாளைக்கு என்ன ஆகும்? அதனால் அவருக்குக் களி கிண்டச் சொல்லிக் கொடுத்தேன். “கை வலிக்குதுங்க, நீங்க கொஞ்சம் கிண்டுங்க” என்று பொய்யாகத்தான் ஆரம்பித்தேன். அவரும் எதற்கு என்று கேட்கவில்லை. மண்வெட்டி பிடித்த கை, களி கிண்டுகிற துடுப்பைப் பிடித்தால் சட்டி அடுப்போடு பெயர்ந்து வந்தது. மாவு வேகாமல் நடுவில் வெள்ளையாகத் திரண்டு நின்றது. வழக்கமாக இருந்தால் அந்தத் துடுப்பாலேயே நாலு போட்டிருப்பேன். “பரவால்லீங்க, நல்லாத்தான் வருது” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் திட்டவில்லை என்றால் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அன்றைக்கே அவர் புரிந்துகொண்டாராம். பின்னால் சொன்னார்.

கோயமுத்தூரில் மறுபடியும் குழாய் விட்டார்கள். இந்த முறை குழாயின் முனையிலேயே ஸ்கேன் இருந்தது, உணவுக்குழாயின் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று அது காட்டுமாம். பிறகு பெரிய வளையத்துக்குள் படுக்கவைத்து நெஞ்சைப் படம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து ஆபரேஷன் டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். நரைத்த மீசை, நிதானமான ஆள். அவர் படத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பொறுமை போய்விட்டது.

“எங்கிட்ட மறைக்க வேண்டாமுங்க. எனக்கு எல்லாந் தெரியும். எத்தன நாளுன்னு சொல்லிப்போட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன். கடைல மாவு அரைச்சது அப்படியே கெடக்குது” என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் குனிந்துகொண்டார்.

“எதுக்கு எத்தனை நாளுங்கம்மா?”

“சேலத்துல சதை எடுக்கவே வேண்டாம்னுட்டாங்க. சதை எடுக்கலைன்னா என்னன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?”

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “கொல்லிமலைதானுங்களே? பலாப்பழம் அறுத்திருப்பீங்க” என்றார். என்னிடம் போய்ப் பலாப்பழம் கேட்கிறார். “உங்க உணவுக்குழாய்ச் சுவருல, தசைக்குள்ள ஒரு கட்டி இருக்குது. சுளைக்குள்ள கொட்டை இருக்கற மாதிரி. மேல்தோலு நல்லா வழுவழுன்னு இருக்குது, அதுல ஒரு புண்ணு இல்லை. சுளையைப் பக்குவமாப் பிரிச்சா கொட்டை முழுசா வந்துரும். கத்தியால குத்தி வெச்சீங்கன்னா ஒட்டிக்கும், எடுக்கறப்ப கிழியும். சேலத்து டாக்டர் கிள்ளாம விட்டது அதுக்குத்தான். பாத்தா நல்லதா இருந்ததாலதான் அவங்க தொடலை.”

“அப்ப புத்து இல்லீங்களா?” என்றார் வீட்டுக்காரர். சேலத்தை விட்டு வந்த பிறகு அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

“இது லியோமயோமா. தசையில வர்ற சாதுவான கட்டி. மெதுவா வளரும், வேற எடத்துக்குப் பரவாது. எடுத்துச் சோதிச்ச பிறகுதான் முடிவாச் சொல்லுவேன். ஆனா பயப்படற மாதிரி எதுவும் இல்லை. உணவுக்குழாயில இது ரொம்ப அபூர்வமுங்க. அதனாலதான் சேலத்துல மத்த டாக்டருங்களைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பாங்க.”

“புத்து இல்லீங்களே?” என்று வீட்டுக்காரர் மறுபடியும் கேட்டார். டாக்டர் மறுபடியும் சொன்னார். கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறையும் கேட்டார். டாக்டர் சிரித்தபடி எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். நானோ அதற்குள் வேறு ஆளாகிவிட்டேன். அபூர்வம் என்று சொல்லிவிட்டாரே! வரண்டாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், “எனக்கு வந்தது லேசுல யாருக்கும் வராதாமுங்க” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சேலத்து டாக்டரம்மா வீட்டுக்காரரிடம் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருக்கிறார். கட்டி என்ற சொல் காதில் விழுந்ததோடு இவருக்கு மீதி எதுவும் ஏறவில்லை. இதற்காக அவரை அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திட்டிக்கொண்டே போனேன். எவ்வளவோ நாளைக்கு அப்புறம் வாய் நிறையத் திட்டியது அத்தனை சுகமாக இருந்தது. அவரும் கோயிலில் பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டு வந்தார்.

ஆபரேஷன் தை மாதத்தில் நடந்தது. நெஞ்சைப் பிளப்பார்கள் என்று நினைத்திருந்தேன். வலது விலாவில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, அதன் வழியாகக் கேமராவும் கருவியும் விட்டு, தசையைப் பிரித்துக் கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். உள்தோல் கிழியவில்லை. பிரித்த தசையை மறுபடி சேர்த்துத் தைத்தார்களாம். விழித்தபோது விலாவில் ஒரு குழாய், மூச்சு இழுத்தால் சுருக்கென்று வலி. நர்ஸிடம் முதலில் கேட்டது, “எங்கீங்க அது?” என்றுதான். போனில் போட்டோ காட்டினார்கள். வெளுப்பாக, கோழிமுட்டை அளவில், ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. இந்த ஒன்றுதான் என்னை ஏரியில் படகு ஏற்றியதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சில நாள் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. பிறகு மெஷின் முன்னால் நிற்கவைத்து ஒரு மருந்தை விழுங்கச் சொன்னார்கள். எங்காவது கசிகிறதா என்று பார்க்க. கசியவில்லை. அப்புறம் தண்ணீர், அப்புறம் இளநீர், அப்புறம் கஞ்சி. சோதனை முடிவு வந்ததும் டாக்டரே வார்டுக்கு வந்து சொன்னார், நினைத்தபடிதான், சாதுவான கட்டிதான் என்று. கூடவே அவரிடம் படிக்கிற பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக எனக்கு எங்கே நின்றது, எப்படி நின்றது என்று கேட்டார்கள். களி வைத்தியத்தை நான் அபிநயத்தோடு சொன்னேன். வார்டே சிரித்தது.

ஊருக்கு வந்து கடையைத் திறந்தேன். முதலில் கூழ், பிறகு குழைந்த சோறு, மாசி கடைசியில் களி. எல்லாம் போகிற இடத்துக்குப் போயிற்று. பசி என்றால் அப்படிப் பசித்தது. உடம்பு தேறி ஜாக்கெட் பிடிக்க ஆரம்பித்தது.

மறுபடியும் காட்டுவதற்காகக் கோயமுத்தூர் போனோம். டாக்டர் ரூமிலேயே எடை பார்க்கிற மெஷின் இருந்தது. ஏறினேன். நன்றாக ஏறியிருக்கிறீர்கள் என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். பிறகு என் பின்னால் நின்ற வீட்டுக்காரரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நீங்க ஒரு தடவ ஏறி நில்லுங்க” என்றார்.

“எனக்கெதுக்குங்க” என்று அவர் பின்வாங்கினார். டாக்டர் விடவில்லை. அவர் ஏறினார், இளைத்திருக்கிறார் என்று தெரிய டாக்டருக்குப் பழைய தாள் எதுவும் தேவைப்படவில்லை. அந்த மெஷினில் வந்தது என் எடையைவிடக் குறைவு. அப்போதுதான் நானும் அவரை நிமிர்ந்து பார்த்தேன். சட்டை காலர் கழுத்தைவிட்டுத் தள்ளி நின்றது. பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். கடைக்கு வருகிறவர்கள் எத்தனை வாய் தின்றார்கள் என்று பார்த்துப் பார்த்துத் திட்டுகிறவள் நான். எனக்கு எதிரே உட்கார்ந்தவர் தட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

“சரியாச் சாப்பிடறீங்களா?” என்றார் டாக்டர்.

அவர் தரையைப் பார்த்தார். “இவ முழுங்க முடியாம எதுத்தாப்புல உக்காந்திருக்கறப்ப எனக்கு எப்படீங்க எறங்கும்?”

“இப்ப அவங்க நல்லாயிட்டாங்களே.”

“ஆமாங்க. ஆனா அவ ஒவ்வொரு வாயும் முழுங்கி முடிக்கற வரைக்கும் பாத்துட்டே இருந்து பழகிப்போச்சுங்க. அதுக்குள்ள என்ற பசி போயிருது.”

எனக்கு வாயில் ஒரு திட்டும் வரவில்லை. இந்த மனுஷன்மேல் எனக்கு இவ்வளவு ஆசை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

வெளியே வந்ததும் எதிரில் தெரிந்த முதல் ஓட்டலுக்குள் அவரை இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு சாப்பாடு சொன்னேன். இலை போட்டுச் சோறு வைத்துக் குழம்பு ஊற்றினார்கள். நான் என் இலையில் கை வைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“சாப்புடு புள்ள” என்றார்.

“மொதல்ல நீங்க” என்றேன்.

அவர் பிசைந்து ஒரு வாய் எடுத்துப் போட்டு விழுங்கினார்.

“எறங்குச்சுங்களா?”

“எறங்குச்சு.”

அதற்கப்புறம்தான் நான் சாப்பிட ஆரம்பித்தேன்.